அடுப்புக்குக் கடனா, இணைப்பு இலவசமா, சிலிண்டருக்கு மானியமா?

ஏழை வீடுகளைப் புகையடுப்பிலிருந்து மீட்கப் பணம் ஒதுக்கும் அறக்கட்டளையோ மாவட்ட நிர்வாகமோ முதலில் கேட்டு வாங்குவது அடுப்புகளின் விலைப்பட்டியலைத்தான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் எரிபொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்களா, பொறுக்கிக்கொண்டு வருகிறார்களா?

நைரோபியின் குடியிருப்புகளில் கரி அன்றாடம் காசுக்கு வாங்கும் பொருள். உத்தரப்பிரதேச, ஒடிசா கிராமங்களில் சுள்ளியும் வரட்டியும் பெரும்பாலும் கைப்பாடாகக் கிடைப்பவை. முதல் வகை வீட்டில் நல்ல அடுப்பு வந்த அன்றே செலவு குறைகிறது. தடையாக நிற்பது அடுப்பை வாங்கும் மொத்தப் பணம். இரண்டாம் வகை வீட்டில் சுத்தமான எரிபொருள் வந்ததும் இதுவரை இல்லாத மாதச் செலவு ஒன்று முளைக்கிறது. முதல் வீட்டுக்குக் கடன் போதும். இரண்டாம் வீட்டுக்குக் கடன் கொடுத்தால் சுமைமேல் சுமைதான். இரண்டுக்கும் ஒரே திட்டத்தை எழுதுவதால்தான் இத்துறையில் பாதிப் பணம் வீணாகிறது என்பது எங்கள் கருத்து.

முதலில் வெப்பக் கணக்கு

அடுப்பு எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் எல்லாத் திட்டமும் வெற்றிதான். பாத்திரத்துக்குள் போய்ச் சேர்ந்த வெப்பத்தை வைத்து ஒப்பிட வேண்டும். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு 11 முதல் 12 மெகாஜூல் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 14.2 கிலோ கேஸ் சிலிண்டரில் சுமார் 645 மெகாஜூல் இருக்கிறது. பர்னர் அதில் 65 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுத்தால் 420. அதாவது ஒரு சிலிண்டர் 36 நாள் வரும். காலை டீ முதல் ராச்சோறு வரை எல்லாமே கேஸில் என்றால் ஆண்டுக்குப் பத்து சிலிண்டர் வேண்டும்.

காய்ந்த விறகு கிலோவுக்கு 15.5 மெகாஜூல் தரும். மூன்று கல் அடுப்பு அதில் 15 சதவீதத்தைப் பயன்படுத்தினால் கிலோவுக்குக் கிடைப்பது 2.3 மட்டுமே. ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 180 கிலோ விறகு. ஈர விறகு என்றால் இன்னும் கூடும். விறகைக் கிலோ 5 ரூபாய்க்கு வாங்கும் வீடு, ஒரு சிலிண்டருக்கு ஈடாக 900 ரூபாய் செலவழிக்கிறது. 2025 ஏப்ரலில் டெல்லியில் மானியமில்லாத சிலிண்டர் 853 ரூபாய், உஜ்வலா (ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசுத் திட்டம்) வீடுகளுக்கு 553. விறகை விலைக்கு வாங்கும் வீட்டுக்கு கேஸ் ஆடம்பரம் அல்ல என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். பொறுக்கும் வீட்டுக்கு அதே 553 ரூபாயும் முழுச் செலவு.

கரி வாங்கும் ஊர்: கடன் ஏன் போதும்?

கென்யாவில் விற்கும் ஜிகோகோவா என்ற மேம்படுத்தப்பட்ட கரியடுப்பை வைத்து நைரோபியில் ஏறக்குறைய ஆயிரம் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அடுப்பின் விலை சுமார் 40 டாலர். வாங்கியவர்களின் கரிச் செலவு 39 சதவீதம் குறைந்தது. ஆண்டுக்குச் சுமார் 119 டாலர் மிச்சம். வாரத்துக்கு 2 டாலருக்கு மேல் மிஞ்சுகிறது, நான்கே மாதத்தில் முதல் திரும்பிவிடுகிறது. எந்த வங்கி வைப்பும் இந்த வருமானத்தின் பக்கத்தில் வராது.

அப்படியிருந்தும், ரொக்கமாக எவ்வளவு கொடுத்து வாங்கத் தயார் என்று கேட்டபோது கிடைத்த சராசரி 12 டாலர். மூன்று மாதத் தவணை தந்ததும் அது இரட்டிப்பாகியது. சேமிப்பு எவ்வளவு என்று வீட்டாருக்குத் தெளிவாகக் கணக்குக் காட்டியதால் பெரிய மாற்றம் வரவில்லை. அவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை; கையில்தான் 40 டாலர் இல்லை. விழிப்புணர்வு முகாமுக்கும் சுவரொட்டிக்கும் ஒதுக்கும் பணத்தை எடுத்துக் கடன் நிதியில் போடுவது நல்லது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இங்கே திட்டத்தின் உண்மைச் செலவு அடுப்பின் விலை அல்ல. கடன் வசூல், வராக்கடன், வட்டி வித்தியாசம் ஆகியவைதான் செலவு. 40 டாலர் கடனில் 15 சதவீதம் திரும்ப வராமல் போனாலும் வீடு ஒன்றுக்குத் திட்டத்துக்கு 6 டாலர்தான் நட்டம். எம்-பெசா போன்ற கைபேசிப் பணம் பரவியிருக்கும் ஊரில் வசூலிப்பவர் வீடு வீடாக நடக்க வேண்டியதில்லை. ஆனால் கரியடுப்பைத் தொலைவிலிருந்து பூட்ட வழியில்லை. தவணை நின்றால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவது கூலிக்குக் கட்டாது. அதனால் முன்பணம் கால்பங்கு, தவணைக்காலம் போட்ட பணம் திரும்பும் காலத்தை ஒட்டி மூன்று நான்கு மாதம் என்று வைப்பது சரி. ஓராண்டுக்கு இழுத்தால் அடுப்பின் உள்ளோடு விரிசல் விட்ட பிறகும் பாக்கி நிற்கும், அதை யாரும் கட்டமாட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது சிக்கனமான அடுப்பு. சுத்தமான அடுப்பு அல்ல. கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, ஆனால் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வரும். கதவடைத்த அறையில் எந்தக் கரியடுப்பும் ஆபத்துதான். பணமும் காடும் மிச்சமாகும் என்று சொல்லித் தாருங்கள். நுரையீரல் காப்பாற்றப்படும் என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

பொறுக்கும் ஊர்: இணைப்பும் ரீஃபிலும்

இந்தியாவின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது. 2019 செப்டம்பரில் 8 கோடி இணைப்பு. 2021-ல் இரண்டாம் கட்டம். உலகின் மிகப் பெரிய முயற்சிகளில் ஒன்று என்பதால் இதில் சற்று நின்று கணக்குப் போடலாம்.

தொடக்கத்தில் அரசு கொடுத்தது இணைப்புக்கு 1,600 ரூபாய்: சிலிண்டர் டெபாசிட் 1,250, ரெகுலேட்டர் 150, டியூப் 100, நுகர்வோர் புத்தகம் 25, பொருத்தும் கூலி 75. அடுப்பும் முதல் சிலிண்டரும் கடனாக வந்தன. அந்தக் கடனைப் பிடித்த விதத்தில்தான் கோளாறு. ஒவ்வொரு ரீஃபிலுக்கும் வரவேண்டிய மானியத்திலிருந்து கடன் கழிக்கப்பட்டது. ஏழை வீடு சிலிண்டர் வாங்கும்போதெல்லாம் சந்தை விலை கொடுத்தது. வாங்காத மாதத்தில் கடனும் இல்லை, செலவும் இல்லை. கேஸைப் பயன்படுத்தினால் அபராதம் என்பதுபோல் ஆகிவிட்டது. 2018 ஏப்ரலில் அடுத்த ஆறு ரீஃபிலுக்குக் கடன் பிடித்தம் தள்ளிவைக்கப்பட்டது. அடுப்புக் கடனை எரிபொருள் விலையில் ஏற்றக் கூடாது என்ற விதி அங்கே கிடைத்தது.

இப்போது பலரும் கேலி செய்யும் எண்: உஜ்வலா வீடுகளின் சராசரி ரீஃபில் 2019-20-ல் ஆண்டுக்கு 3 சிலிண்டர், 2022-23-ல் 3.71. பத்து வேண்டிய இடத்தில் நான்குகூட இல்லை. 'இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான்' என்று தீர்ப்புச் சொல்பவர்கள் கணக்கை முழுதாகப் போடுவதில்லை. 1,600 ரூபாய் செலவில் ஐந்தாண்டில் ஒரு வீடு 18 சிலிண்டர் எரித்தது என்றால், சிலிண்டருக்கு இணைப்புச் செலவு 90 ரூபாய்க்கும் குறைவு. பாதி வீடுகள் திட்டம் இல்லாவிட்டாலும் தாமாகவே இணைப்பு எடுத்திருக்கும் என்று கழித்துவிட்டாலும் 180-க்குள்தான். மிக மலிவு.

அடுத்த சிலிண்டரை எரிக்கவைப்பதுதான் விலை கூடிய வேலை. 2022 மே மாதம் முதல் உஜ்வலா வீடுகளுக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம். 2023 அக்டோபரில் அது 300 ஆனது. இடையில் சிலிண்டர் விலையும் இறங்கியது. டெல்லியில் 2023 மார்ச்சில் உஜ்வலா வீட்டுக்கு மானியம் போக 903 ரூபாய். 2024 மார்ச்சில் 503. விலை 44 சதவீதம் விழுந்தது. சராசரி ரீஃபில் 2024-25-ல் 4.47 ஆனது, அதாவது 20 சதவீத உயர்வு.

இதே 400 ரூபாய் இறக்கத்தை ஒரு திட்டம் முழுக்க மானியமாகக் கொடுத்திருந்தால் வீட்டுக்கு 4.47 சிலிண்டருக்கும் சேர்த்து 1,788 ரூபாய் ஆகும். கூடுதலாக எரிந்தது முக்கால் சிலிண்டர். கூடுதல் சிலிண்டர் ஒன்றுக்கு 2,350 ரூபாய்! சிலிண்டரின் விலையே அதில் பாதிக்கும் கீழ். வருமானம் உயர்ந்ததால் வந்த உயர்வைக் கழித்தால் இது இன்னும் கூடும். எப்படியும் வாங்கியிருக்கும் சிலிண்டர்களுக்கும் மானியம் போய்ச் சேர்வதே காரணம். அது ஏழை வீட்டுக்குப் போகும் பணம், வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சமூக நல உதவி என்ற கணக்கில் எழுத வேண்டும், புகை ஒழிப்புக் கணக்கில் அல்ல.

அப்படியானால் மூன்று சிலிண்டர் வரை மானியமில்லை, நான்காவதிலிருந்து 600 என்று வைத்தால்? தாளில் அழகாக இருக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் வாங்கும் மிக ஏழை வீடு அதில் ஒரு ரூபாயும் பெறாது. நாங்கள் இதைப் பரிந்துரைக்கமாட்டோம். மழைக்கால மாதங்களில் மானியத்தைக் கூட்டிக் கோடையில் குறைப்பது மேலான வழி. விறகு நனைந்து, வரட்டி காயாமல் கிடக்கும் நேரத்தில் கேஸ் பக்கம் திரும்ப வீடு தானே தயாராக இருக்கும். அப்போது கொடுக்கும் நூறு ரூபாய் கோடையில் கொடுப்பதைவிட அதிக வேலை செய்யும்.

மானியத்தின் தொகையைவிட அது வரும் வழி முக்கியமான இடங்களும் உண்டு. உஜ்வலாவில் வீடு முதலில் முழு விலையையும் கட்ட வேண்டும். 300 ரூபாய் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். 2025 ஏப்ரல் விலையில், 553 என்று சொன்னாலும் வாங்கும் அன்று கையில் இருக்க வேண்டியது 853. தினக்கூலி வீட்டில் இது தனித் தடை. இருபது பேர் கொண்ட மகளிர் குழுவுக்கு 8,000 ரூபாய் சுழல்நிதி இருந்தால் இதைத் தாண்டிவிடலாம்: ஆண்டுக்கு ஆளுக்கு ஆறு ரீஃபில் என்றால் மாதம் பத்து, ஒவ்வொன்றும் நான்கு வாரத் தவணையில் திரும்பினால் எந்த நேரத்திலும் வெளியே நிற்பது ஐந்தாறாயிரம்தான். மானியத்தை மேலும் நூறு கூட்டுவதைவிட இது பல மடங்கு மலிவு, தொகையும் கரையாது.

இன்னொன்று, ஒற்றைச் சிலிண்டர் வீடு. தீர்ந்த நாளுக்கும் அடுத்தது வரும் நாளுக்கும் இடையில் விறகடுப்பு மூட்டித்தான் ஆக வேண்டும். ஏஜென்சி இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த இடைவெளி நாள்கணக்கில் நீளும், விறகடுப்பும் நிரந்தரமாக அங்கேயே இருக்கும். கையிருப்பாக 5 கிலோ சிலிண்டர் ஒன்று இதற்கு நல்ல மருந்து.

சில்லறையாக வாங்கும் கேஸ்

நைரோபி, கிகாலி, தார் எஸ் சலாம் போன்ற நகரங்களில் சிலிண்டரின் தலையில் மீட்டர் பொருத்தி, கைபேசியில் அன்றைய காசு போட்டதும் வால்வு திறக்கும் முறை வந்திருக்கிறது. சிலிண்டர், அடுப்பு, மீட்டர் எல்லாம் நிறுவனத்தின் சொத்து; தீரும் முன்பே மீட்டர் தகவல் அனுப்ப, மாற்றுச் சிலிண்டர் வருகிறது. கரியைத் தகரடப்பாக் கணக்கில் வாங்கிப் பழகிய வீட்டுக்கு இது பொருந்துகிறது. 2020 ஊரடங்கின்போது நைரோபியின் முகுரு குவா ரூபன் பகுதியில் இந்த முறையில் கேஸ் வாங்கியவர்களில் 95 சதவீதத்தினர் தொடர்ந்தனர். முழுச் சிலிண்டராக வாங்கியவர்களில் 27 சதவீதத்தினர் மண்ணெண்ணெய்க்கோ விறகுக்கோ திரும்பினர்.

பலவீனம் செலவில். மீட்டர், சிம், பேட்டரி, பழுது, மாற்றிக் கொடுக்கும் வண்டி எல்லாம் கிலோ விலையில் ஏறும். தெருவுக்கு நாற்பது வீடு கிடைத்தால் கட்டும். சிதறிய கிராமத்தில் கட்டாது. வரிக் கொள்கையும் புரட்டிப்போடும். கென்யா 2021 ஜூலையில் சமையல் கேஸுக்கு 16 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) போட்டது, ஓராண்டு கழித்து 8 ஆக்கியது, 2023-ல் முழுதும் நீக்கியது. இரண்டாண்டுக்குள் இப்படி ஆடும் சந்தையில் ஐந்தாண்டு முதலீட்டுக் கணக்கு போடுபவர், விலை 16 சதவீதம் கூடினாலும் தாங்குமா என்று ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மின்சாரம்

மின்சார பிரஷர் குக்கர் அவரை, மக்காச்சோளம், இறைச்சிக்குக் கெட்டிக்காரக் கருவி. கென்யர்களின் கிதேரி (அவரையும் மக்காச்சோளமும் கலந்த உணவு) கரியில் மணிக்கணக்காக வேகும்; இதில் அரைக்கிலோ அவரை அரை யூனிட்டுக்குள் வெந்துவிடும். சப்பாத்திக்கு உதவாது, உகாலி என்ற மக்காச்சோள மாவுக் களி கிண்ட வசதிப்படாது. அதனால் இரண்டாவது அடுப்பும் வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லாச் சமையலும் இண்டக்ஷனில் என்றால் நாளுக்கு 3, 4 யூனிட் போகும். கூடவே காந்தம் ஒட்டாத அலுமினியப் பாத்திரங்களும் அடி உருண்ட கடாய்களும் பயன்படாமல் போகும். பாத்திரச் செலவைச் சேர்க்காத திட்டங்களில் அடுப்பு பெட்டியிலேயே இருந்துவிடும்.

பெரிய தடை கம்பத்தில். அறுபது வீட்டுக்கு 25 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் கிராமத்தில், மாலை ஏழு மணிக்குப் பதினாறு வீடு 1.5 கிலோவாட் இழுத்தாலே அது நிரம்பிவிடும். விளக்கு, மின்விசிறி, பம்புக்கு இடமில்லை. வோல்டேஜ் இறங்கினால் அடுப்பு நின்றுவிடும், வேகாத சோற்றோடு அந்த வீடு அன்றே பழைய அடுப்புக்குத் திரும்பும். வீட்டுக்கு ஓர் அடுப்பு என்று பணம் பிரிப்பதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பத்து அடுப்புக்கு மேல் இல்லை என்று எல்லை போடுவதே முறை.

ஈக்வடார் இதில் நல்ல எச்சரிக்கை. 2014-ல் 30 லட்சம் வீடுகளை இண்டக்ஷனுக்கு மாற்றப் புறப்பட்டது. சமையலுக்கு மாதம் 80 யூனிட் இலவசம், 220 வோல்ட் இணைப்பும் கொடுத்தது. இலக்கில் கால்பங்கை ஒட்டியே நின்றது. 15 கிலோ கேஸ் சிலிண்டர் மானிய விலையில் 1.60 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தபோது யார் மாறுவார்? ஒரு கையால் பழையதற்கு மானியம், மறு கையால் புதியதற்கு மானியம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மலிவான மண் அடுப்பு, புகைக்கூண்டு வகைகளை நீளமாகப் பேசத் தேவையில்லை. ஒடிசாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு விரிசலைப் பூசவும் கூண்டைச் சுத்தம் செய்யவும் ஆளில்லாமல் பயனும் போனது. ஆண்டுதோறும் பராமரிப்புக்கு உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி ஒதுக்க முடியாதவர்கள் இதைத் தொட வேண்டாம்.

உடல்நலத்தைக் கணக்கில் எழுதும்போது

வீட்டுப் புகையால் 2020-ல் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த எண்ணை அடுப்பு எண்ணிக்கையால் வகுத்துத் 'தலைக்கு இத்தனை உயிர்' என்று எழுதும் வழக்கம் தவறு. புகைக்கும் நோய்க்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை. பாதிப் புகை குறைந்தால் பாதி நோய் குறையாது.

குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவோடு தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும் சேர்ந்த ஹாபின் ஆய்வு இதைக் கறாராகச் சோதித்தது. 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச கேஸும் வீட்டுக்கே வந்தன. கர்ப்பகாலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகு, சாணம் எரித்த பெண்களுக்கு 70.7. வித்தியாசம் பெரிது. ஆனாலும் குழந்தைகளின் பிறப்பு எடையிலோ, கைக்குழந்தைகளின் கடுமையான நிமோனியாவிலோ தெளிவான மாற்றம் தெரியவில்லை. பெரியவர்களின் இதய, நுரையீரல் நோய்கள் ஆண்டுகள் கழித்து வருபவை, பதினெட்டு மாதத்தில் தெரியாது. எனவே நிதி கேட்கும்போது உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று: பெண்களின் நேரம், கண்ணெரிச்சலும் இருமலும் குறைதல், வாங்கும் ஊரில் பணம் மிச்சம்.

இங்கேதான் குறிக்கோளைத் தேர்ந்தெடுக்க வேண்டிவருகிறது. சுமையையும் நேரத்தையும் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இணைப்பை அதிக வீடுகளுக்குப் பரப்புங்கள். முதல் நான்கு சிலிண்டர் மலிவு. நுரையீரல்தான் நோக்கம் என்றால் கடைசி நான்கு சிலிண்டரையும் எரிக்கவைக்க வேண்டும்; அது விலை கூடியது, எனவே குறைந்த வீடுகளைத் தேர்ந்து முழுமையாகக் கொடுங்கள். ஒரே நிதியில் இரண்டையும் சொல்லும் திட்டம் இரண்டையும் செய்யாது.

கார்பன் பணம்

பல திட்டங்கள் இப்போது கார்பன் வரவுகளை (குறைத்த கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுகள்) விற்று அடுப்பு விலையைக் குறைக்கின்றன. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, தான் எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள் உண்மையில் குறைத்ததைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் வரவு பெற்றதாகக் கணக்கிட்டது. காரணங்கள் பழக்கமானவை: அடுப்பு எல்லா வீட்டிலும் எரிகிறது என்ற கற்பனை, பழைய அடுப்பு அணைந்துவிட்டது என்ற கற்பனை, வெட்டும் விறகில் திரும்ப வளராத பங்கை 80, 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டது. ஐ.நா. காலநிலை அமைப்பின் மாதிரிக் கணக்கு அந்தப் பங்கைச் சுமார் 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

உங்கள் வரவுசெலவில் இது எப்படி விழும்? அடுப்புக்கு ஆண்டுக்கு 3 டன், டன்னுக்கு 5 டாலர் என்று 15 டாலர் எழுதியிருந்தால், புதிய பங்கின்படி அது 1 டன், 5 டாலர். 40 டாலர் அடுப்பை 10 டாலருக்கு விற்க அந்த 15 டாலரை நம்பியிருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே நிறுவனம் மூச்சுத் திணறும். அதோடு, வரவை வெளிநாட்டுக்கு விற்கச் சில வகைகளில் அந்த நாட்டு அரசின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். கடிதம் கைக்கு வராமல் கடன் வாங்கி அடுப்பு இறக்காதீர்கள். வரவு வந்தால் அதை அடுப்பு விலையில் கழிக்காமல், ரீஃபிலுக்கும் பழுதுபார்க்கவும் மூன்றாண்டு வைப்பாக ஒதுக்குங்கள். அந்தப் பணம் வராமல் போனால் வைப்புதான் சுருங்கும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். விநியோகிப்பவருக்கான கூலியையும் அதிலிருந்தே கொடுக்கலாம்: இணைப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆறாவது மாதமும் பதினெட்டாவது மாதமும் ரீஃபில் பதிவைப் பார்த்த பின் மீதி.